சொந்தக் குரலில் ஒரு மன்னிப்பு

குருநகர்ச் சந்தையில் லூர்த்தம்மாவுக்கு முப்பது வருடமாக ஒரே இடம். பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு வாங்காமல் போன ஒருவரை ஏழு வருடங்களுக்குப் பிறகு அடையாளம் கண்டு, "உமக்கு என்னட்டை மீன் இல்லை" என்று திருப்பி அனுப்பியவள். மறதி அவளுக்கு வராது. மன்னிப்பு அதைவிடவும் வராது.

அவளுடைய கணவன் தேவராசா கடலுக்குப் போவதை விட்டு நான்கு வருடமாகிறது. ஒரு கண் சிறுவயதிலேயே போய்விட்டது. மற்றக் கண்ணில், வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது முள் குத்திப் புண்ணாகி, கருவிழியில் வெள்ளை படர்ந்தது. கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் பெயர் பதிந்திருந்தார்கள். இறந்தவர் ஒருவரின் கண் தானமாகக் கிடைத்தால் வரிசைப்படி அழைப்பார்கள். அழைத்தால் மறுநாள் காலை அங்கே நிற்க வேண்டும். கொடுத்திருந்தது லூர்த்தம்மாவின் தொலைபேசி இலக்கம்.

அதே இலக்கத்துக்கு ஒரு காணி விற்கும் கொம்பனியின் அழைப்புகளும் வந்தபடியிருந்தன. ஆள் கதைப்பதில்லை; பதிவு செய்த பெண் குரல். "வணக்கம், கொழும்புக்கு அண்மையில் உங்கள் கனவுக் காணி" என்று தொடங்கும். நாளுக்கு ஐந்து தரம், ஆறு தரம். இடையில் குறுஞ்செய்திகள் வேறு. அழைப்பு வேண்டாமென்றால் ஒன்பதை அழுத்தச் சொல்லும். அவள் மீன் கையைச் சீலையில் துடைத்து ஒவ்வொரு தரமும் ஒன்பதை அழுத்தினாள். அதன் பிறகு எட்டுத் தரம் வரத் தொடங்கியது. இலக்கங்கள் மாறி மாறி வந்தாலும் எல்லாம் கொழும்பு இலக்கங்கள். கடைசியில், கொழும்பு இலக்கம் என்று கண்டாலே மணிக்கட்டால் தட்டி நிறுத்தப் பழகிக்கொண்டாள்.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஐந்து அழைப்புகளை அப்படி நிறுத்தினாள். அவற்றில் இரண்டு காணிக்காரருடையவை. மூன்று ஆஸ்பத்திரியுடையவை.

பின்னேரம் யாழ்ப்பாணத்துக் கண் கிளினிக்கிலிருந்து ஒரு தாதி அழைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அம்மா, கொழும்பிலையிருந்து மூண்டு தரம் எடுத்தவையாம். நீங்கள் கட் பண்ணிப்போட்டியளாம். அடுத்த ஆளுக்குக் குடுத்திட்டினம்."

லூர்த்தம்மா அழவில்லை. தேவராசாவிடம் சொன்னாள். அவர், "எனக்கில்லாட்டி வேறை ஆருக்கோ பார்வை கிடைச்சிருக்குமெல்லே" என்றார். அந்தப் பதில்தான் அவளைக் கொளுத்தியது. அவருக்குக் கோபம் வராதென்றால் இரண்டு பேருடையதையும் தானே பட வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் சந்தைக்குப் போகாமல் முறைப்பாடு கொடுக்கப் போனாள். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே, தனி ஆளின் கடிதத்துக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றார்கள். ஆகவே தனி ஆளாக இருப்பதை விட்டாள்.

முறைப்பாட்டில் முதலில் சேர்ந்தவள் சந்தையில் பக்கத்து இடத்து மார்கிரட். மார்கிரட்டின் தாயுடைய செத்தவீட்டில், பூசை நேரத்தில் அதே குரல் கனவுக் காணி விற்றிருந்தது. மீன் வாங்க வந்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள், கோயில் வாசலில் நின்றவர்கள் எல்லோரிடமும் லூர்த்தம்மா ஒரே கேள்வி கேட்டாள்: "உங்களுக்கும் உந்தக் காணிப் பெட்டை போன் எடுக்கிறவளோ?" ஓம் என்றவர்களிடம் திகதியும் கையொப்பமும் வாங்கினாள். ஆறு மாதத்தில் இருநூற்றுப் பதினொரு பேர் சேர்ந்தார்கள்.

சட்டத்தரணி தயாளினி அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஒரே பாதிப்புள்ள பலருக்காக ஒருவர் முன்னின்று, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்காடலாம் என்றாள்.

"ஆனால் கன காலம் இழுபடும், அம்மா."

"எனக்கு வேறை வேலை இல்லை, பிள்ளை."

இழுபடத்தான் செய்தது. முதல் வழக்குத் தவணைகளில் கொம்பனிச் சட்டத்தரணி, ஒன்பதை அழுத்தியிருந்தால் அழைப்பு நின்றிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தயாளினி அழைப்புப் பதிவுகளை நீதிமன்றம் மூலம் கேட்டு எடுத்தாள். ஒன்பதை அழுத்திய இலக்கங்களெல்லாம் அங்கே தனிப் பட்டியலாக இருந்தன. பட்டியலின் தலைப்பு: 'ஆள் எடுத்துக் கேட்கும் இலக்கங்கள்.' அவற்றுக்குத்தான் கூடுதலாக அழைத்திருந்தார்கள்.

அந்தப் பட்டியல் நீதிமன்றத்தில் காட்டப்பட்ட அன்று, வாசலிலேயே கொம்பனி இறங்கி வந்தது. லூர்த்தம்மாவுக்கு மட்டும் பெரிய நட்டஈடு தரலாம், வழக்கை விடச் சொல்லுங்கள் என்று தயாளினியிடம் சொன்னார்கள்.

"எனக்கு மட்டும் எண்டால் நான் ஏன் உவ்வளவு சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தனான்?" என்றாள் அவள். "எல்லாருக்கும் குடுக்கட்டும். அதோடை இன்னொண்டு. இருநூற்றுப் பதினொரு பேருக்கும் உங்கடை பெரியவர் தானே போன் எடுத்து மன்னிப்புக் கேக்க வேணும். மெசின் கதைக்கக் கூடாது."

தயாளினி அவளை ஓரமாக அழைத்து, காசோடு விடலாமே என்று சொல்லிப் பார்த்தாள். லூர்த்தம்மா அசையவில்லை. அந்த இலக்கப் பட்டியல் பத்திரிகைக்குப் போய்விடும் என்ற பயம் கொம்பனிக்கு இருந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது தவணையில் அதுவும் இணக்க உடன்பாட்டில் எழுதப்பட்டது.

கொம்பனியின் பெரியவர், பிரகாஸ் என்ற முகாமையாளர், இரண்டு கிழமையாக அழைத்தார். மார்கிரட் அவரை, "பொறும், கையெல்லாம் மீன்" என்று சொல்லி ஒரு விளைமீன் முழுவதையும் செதில் கழற்றும்வரை காக்க வைத்தாள். பிறகு, சந்தைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று மூன்று தரம் சொல்ல வைத்தாள். கேட்டுக்கொண்டிருந்த லூர்த்தம்மாவுக்கு அன்று மத்தியானச் சோறு இனித்தது.

அவளுக்கான அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் கிணற்றடியில் நின்றாள். மணி அடித்ததைக் கேட்டுத் தேவராசாவே தடவி எடுத்துவிட்டார். அவள் ஈரக் கையோடு ஓடி வந்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சரி தம்பி, நடந்தது நடந்துபோச்சு. நீங்கள் சாப்பிட்டியளோ?"

லூர்த்தம்மா தொலைபேசியைப் பறித்தாள்.

"அவர் தன்ரை கண்ணுக்கு மன்னிச்சிட்டார். அது அவரின்ரை விருப்பம். நான் மன்னிக்கேல்லை. இப்ப நான் சொல்லுறதைக் கேளும்."

அந்த வியாழக்கிழமையை அவள் முதலிலிருந்து சொன்னாள். எந்த மீனை வெட்டும்போது எந்த அழைப்பு வந்தது, தாதி என்ன சொன்னாள், அன்று இரவு தேவராசா கண் தெரியாமல் சோற்றுக் கோப்பையை எப்படித் தட்டிவிட்டார், இந்த ஒன்றரை வருடத்தில் அந்தக் கண் எவ்வளவு மங்கிவிட்டது என்றெல்லாம் சொன்னாள். இனிமேல் கண் கிடைத்தாலும் முழுப் பார்வை வராது என்று டொக்டர் சொன்னதையும் விடவில்லை.

"அம்மா, ஒரு நிமிசம்…" என்றார் பிரகாஸ்.

"இடையிலை கதைக்காதையும். நான் கதைக்கேக்கை உம்மடை மெசின் நிண்டதோ?"

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்டதும் அவள் தொலைபேசியை வைத்தாள்.

கணவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஒன்றரை வருடம் சேர்த்து வைத்ததை அவர் அரை நிமிடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்ற கோபம். மூன்றாம் நாள் சோறு போடும்போது அவர் மெதுவாகக் கேட்டார்:

"இப்ப கோவம் ஆறிச்சுதோ?"

"இல்லை" என்றாள் லூர்த்தம்மா. முள் எடுத்த மீனை அவருடைய கோப்பையில் வைத்தாள்.