கணவாய்க்கு இறக்கிய ஓலை

நேற்று கைப்பேசியில் ஒரு காணொளி வந்து விழுந்தது. "கணவாய் மீன் அள்ளணுமா? இத மட்டும் செய்ங்க" என்று படகில் நின்றபடி ஓர் இளைஞன் கத்துகிறான். காய்ந்த கிளைகளைக் கட்டிக் கடலில் இறக்குகிறான். இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் பதிந்துகொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். இன்று காலைதான் கண்டுபிடித்தவனைப் போல முகம். எனக்கு ஊறிய பனையோலையின் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. அதன் பிறகு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது கடலோர ஊரான தொண்டியில். ஒரு நாளிதழுக்கு அந்த வட்டாரச் செய்தியாளனாக இருந்தேன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், எழுதியதை உறையில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவதுதான் வேலையில் முக்கால் பங்கு. மீன்கூடைகளுக்கு நடுவே பயணம் செய்து உறை ஈரமாகவே போய்ச் சேரும். "உன் செய்தி வந்தா மொதல்ல ஆபீஸ் பூனைக்குத்தான்யா தெரியுது" என்பார் செய்தி ஆசிரியர்.

கணவாய் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போய்த்தான் சேகுவும் முனியசாமியும் பழக்கமானார்கள். இருவரும் பங்காக ஒரு வத்தை, அதாவது பாய் கட்டிய சிறு படகு, வைத்திருந்தார்கள். சேகு வீட்டு ஆண்கள் எல்லாரும் சவூதியில். அவனுக்கும் அண்ணன் விசா ஏற்பாடு செய்துவிட்டார். "இந்தப் பருவம் கணவாய் நல்லாப் பட்டா நான் போகல மாப்ள" என்று சேகு சொல்லியிருந்தான். முனியசாமி அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டான். வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டவுசர் போட்ட காலத்திலிருந்து இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டார்கள்.

முட்டையிடும் பருவத்தில் கணவாய் ஒதுக்கிடம் தேடும். பனையோலைக் கட்டில் மணல் மூட்டையைக் கட்டிக் கடலடியில் இறக்கினால், அதை நம்பி வந்து ஓலையில் முட்டையை ஒட்டும். மேலே இவர்கள் தூண்டிலோடு காத்திருப்பார்கள். 'பிள்ளை பெற வந்தவளை வாசலில் வைத்துப் பிடிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன். செய்தி ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார். பேப்பர் படித்துக்கொண்டே இட்லி சாப்பிடுகிறவர்களை அவர் நினைத்திருக்கலாம்.

இறக்கிய இடத்தில் மிதவை விடமாட்டார்கள். விட்டால் அடுத்தவன் வந்து பிடித்துப் போவான். படகிலிருந்து கரையைப் பார்த்து இடத்தைக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள். முனியசாமியின் அய்யாவுக்குக் கடலோரத்தில் ஒற்றைப் பனை ஒன்று இருந்தது. அதன் தலை, பின்னால் இருக்கும் பள்ளிவாசல் மினாராவை மறைக்க வேண்டும். அதே நேரத்தில் ஐஸ் கம்பெனிக் கூரை தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டித் தெரிய வேண்டும். இரண்டும் பொருந்துகிற இடத்தில் ஓலை கிடக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பருவம் கணவாய் சுமாராகத்தான் பட்டது. ஓலை கூடினால் கணவாயும் கூடும் என்று முனியசாமி முடிவு கட்டினான். ஒருநாள் காலை நான் கரைக்குப் போனபோது வத்தை நிறையப் பச்சை ஓலை கிடந்தது.

"ஏலே, இம்புட்டு ஓலைய எங்கன வெட்டுன?" என்றான் சேகு.

"நம்ம அய்யா மரத்துலதான் மாப்ள. ஒரு மட்டை விடல. மொட்டை போட்டுட்டேன்."

சேகு ஓலையைப் பார்த்தான். பிறகு முனியசாமியைப் பார்த்தான். "சரி, ஏறு" என்றான்.

நானும் ஏறினேன். சற்று தூரம் போனதும் வழக்கம்போல வாந்தி. "பேப்பர்காரரே, கணவாய்க்கு இரை போடுறீகளா?" என்று முனியசாமி சிரித்தான். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கரையில் மினாரா தெரிந்தது, பனை தெரியவில்லை. தலை போன மரம் அவ்வளவு தூரத்தில் ஒரு கீறலாகக்கூடக் கண்ணில் படாது. வருடக்கணக்காகக் கடலிலிருந்து அவன் பார்த்த மரம் ஓர் அடையாளம். கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அது வெறும் ஓலை. இரண்டும் ஒரே மரம் என்பது அரிவாளோடு ஏறும்போது அவனுக்குத் தோன்றவேயில்லை.

"இங்கனதான மாப்ள?" என்றான் முனியசாமி.

"இன்னுங் கொஞ்சம் வடக்க."

"இல்ல மாப்ள, இங்கனதான்."

குத்துமதிப்பாக இறக்கினார்கள். பிறகு பழைய ஓலையும் அகப்படவில்லை, புதிய ஓலையும் அகப்படவில்லை. பருவம் முடியும் முன்பே, ஒரு விசைப்படகின் இழுவைமடி வலை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து கரையில் கொட்டியது. கயிற்றின் முடிச்சைப் பார்த்து, தன் கட்டுதான் என்றான் முனியசாமி. ஓலை முழுக்கத் திராட்சைக் குலைபோல முட்டைகள். காக்கைகள் கொத்தின. அந்த வாரமே சேகு வீடுவீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டான்.

"என் கையாலயே வெட்டி மாப்ளய அனுப்பி வச்சேன்" என்பதை முனியசாமி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான். வத்தையை விற்றுவிட்டு, அடுத்தவர் படகில் கூலிக்குப் போகத் தொடங்கினான். கணவாயும் குறைந்துகொண்டே வந்தது. முட்டையோடு அள்ளினால் வேறென்ன ஆகும்.

போன மாதம் தொண்டி போயிருந்தேன். சவூதி போதும் என்று சேகு ஊரோடு வந்துவிட்டிருந்தான். டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தோம். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. முனியசாமி பழையபடி பனையைப் பற்றி ஆரம்பித்தான். சேகு அவன் தோளில் கை வைத்தான்.

"விடு மாப்ள. மொட்டை போட்டேன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும், இடம் தப்பிரும்னு."

"அப்ப ஏன்ல சொல்லல?"

"சொன்னா நீ வேற வழி பண்ணியிருப்ப. என்னய இருன்னுருப்ப. எனக்குப் போகணும்னு இருந்துச்சு. ஒம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல."

ஆறுதலாகத்தான் சொன்னான். இத்தனை வருடப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டதாகவே அவன் முகம் இருந்தது. முனியசாமி டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கிளாஸை எடுத்துப்போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"அப்ப நான் வாரேன் பாய்" என்றான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாத முஸ்லிமை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சேகுவை அவன் அப்படிக் கூப்பிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.