மில் தெருவுக்குக் குடிவந்த அரக்கன்

கெர்லிண்டே கசாப்புக்கடைக்காரரின் மகள். ஆனால் ரத்தம் அவளுக்கு ஆகாது. அப்பா பன்றி வெட்டும் நாளில் சித்தி வீட்டுக்கு ஓடிப்போய்விடுவாள். கல்யாணமான பிறகும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஊரே டிவியில் கொலைத் தொடர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சமையலறையில் பாத்திரங்களைத் துலக்குவாள். எல்லாம் முடிந்ததும் அவள் கணவன் ஆர்னோ குரல் கொடுப்பான்: "வா, ஆளைப் பிடிச்சாச்சு."

ஹெஸ்ஸன் மாநிலத்தில் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிற்றூரின் மழலைப் பள்ளியில் கெர்லிண்டேதான் மூத்த டீச்சர். அவளுக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன கதை ஒன்று அவள் தலையில் விழுந்திருந்தது. காட்டுக்குள் பழைய மாவு மில்லில் இருந்துகொண்டு, இருட்டிய பிறகும் வீடு திரும்பாத பிள்ளைகளைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போய் சூப் வைக்கும் மில் அரக்கனின் கதை. கடைசியில் ஒரு சின்னப்பெண் அவனுடைய கரண்டியைக் கிணற்றில் போட்டுவிடுவாள். அவன் எட்டிப் பார்க்க, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளுவார்கள். கிணற்றின் மேல் மில்லின் எந்திரக் கல்லை உருட்டி மூடுவார்கள். அந்த இடம் வரும்போது கெர்லிண்டே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அதுவும் கதையில் சேர்த்திதான் என்று நினைத்துப் பிள்ளைகளும் மூடிக்கொள்வார்கள். வேறு கதை சொல்ல ஒருநாளும் விடமாட்டார்கள்.

ஒரு இலையுதிர் காலத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஸிபில்லே எழுந்தாள். ஃபின்யாவின் அம்மா. குழந்தை வளர்ப்பு பற்றி நிறையப் படிப்பவள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நாலு வயசுப் பிள்ளைகிட்ட ஒருத்தனை உயிரோட கிணத்துல போட்டு மூடறதைச் சொல்லலாமா? அவங்க மனசு என்னத்துக்கு ஆகும்?"

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். தன் மகனோடு உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு விளையாடும் அப்பா ஒருவர் மற்றவர்களைவிடப் பலமாக ஆட்டினார். கெர்லிண்டேக்கு வருத்தமே இல்லை. உள்ளுக்குள் நிம்மதிதான். இனி கண்ணை மூட வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அரக்கன் திருந்தினான். சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டான். கறியை விட்டான், கேரட் தின்னப் பழகினான், காட்டை விட்டு ஊருக்குள் குடிவந்தான். சொல்லி முடித்துவிட்டு அவள் முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்தாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

"எந்தத் தெருவுல?" என்றாள் ஃபின்யா.

இதற்கு கெர்லிண்டே தயாராக வரவில்லை. "மில் தெருவுல" என்றாள், வாய்க்கு வந்ததை.

"கேரட் தீந்துபோச்சுன்னா?"

"கடையில வாங்கிப்பான்."

"ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்குமே டீச்சர்."

அந்த ஊரில் மில் தெரு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. போன மாதம்தான் அங்கே ஒரு புதுக் குழந்தை மருத்துவர் குடிவந்திருந்தார். பெயர் ஓட்மார் லூக். வாசல் நிலையில் குனிந்து நுழையும் உயரம். செம்பட்டைத் தாடி, ரோமம் அடர்ந்த பெரிய கைகள். போதாததற்கு மதிய வேளையில் பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டு கடைவீதியில் நடக்கும் பழக்கம் வேறு.

பத்து நாளில் அவருடைய மருத்துவமனை மாட்டுத் தொழுவம் மாதிரி அலறியது. தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகள் மேசைக் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஒரு பையன் அவர் கட்டை விரலைக் கடித்துவிட்டான். கட்டுப் போட்ட விரலோடு அவர் பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், நான் சூப் வைப்பேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது."

கெர்லிண்டே வெட்கத்தில் சிவந்து நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "அவன் கிணத்துக்குள்ளயே இருந்திருந்தா எனக்கு நல்லதா இருந்திருக்கும்" என்றார்.

மறுநாள் காலை ஸிபில்லே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ஃபின்யா தூங்கவே மாட்டேங்கறா டீச்சர். ஜன்னல்கிட்ட கேரட் வைக்கச் சொல்றா. எங்க கட்டில்லதான் படுக்கறா. தயவுசெஞ்சு அவனைக் கொன்னுடுங்க."

"நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன். இப்ப கொன்னுடுங்க."

கெர்லிண்டே பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தாள். அரக்கனை வயதாகிச் சாகவிடலாம் என்று பார்த்தாள். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியூர் அனுப்பலாம் என்றாள். ரயில் ஏறித் திரும்பி வந்துவிடுவானாம். கடைசியில் கிணறுதான். கரண்டி விழுந்தது, எட்டிப் பார்த்தான், தள்ளினார்கள். "கல்லு டீச்சர், கல்லு" என்று அவளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். இந்த முறை கண்ணை மூடினால் கேரட்டோடு ஒரு முகம் தெரிந்தது. அதனால் கண்ணைத் திறந்தபடியே கல்லை உருட்டினாள். பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள். பிறகு எழுந்துபோய் மதியச் சாப்பாட்டில் ஈரல் தொத்திறைச்சியை ஆளுக்கு இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றார்கள்.

அன்று சாயங்காலம் ரொட்டிக் கடையில் டாக்டரைப் பார்த்த ஃபின்யா பயப்படாமல் கிட்டே போய்ச் சொன்னாளாம்: "நீ செத்துட்ட, தெரியுமா?"

"அப்படியா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றாராம் அவர்.

ஆனால் விஷயம் அதோடு போகவில்லை. யோன்டே என்ற ஒரு பிள்ளை மட்டும் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறான். அவன் அப்பா மறுநாள் பள்ளி வாசலில் நின்றார்.

"டீச்சர், அவன்தான் மன்னிப்புக் கேட்டுட்டானே. கேட்டவனைப் போய்க் கிணத்துல தள்ளுறது என்ன நியாயம்? எங்க பிள்ளைக்கு என்ன பதில் சொல்றது?"

கெர்லிண்டே அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம் என்றாள். கூட்டத்தில் ஸிபில்லேயும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நெடுநேரம் பேசினார்கள். துப்பாக்கி அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்குத் திரும்பியவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆர்னோ எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அவனைப் பிடிச்சிருந்தது ஆர்னோ."

"யாரை? டாக்டரையா?"

"அரக்கனை. நல்லாத்தான் திருந்தியிருந்தான். நான்தான் தெருப் பேரைச் சொல்லிக் கெடுத்துட்டேன்."

ஆர்னோ அவளுக்கு ஒரு கோப்பை ஆப்பிள் மது ஊற்றி வைத்தான்.