வால்வுக்காரர் சொல்லாத கால் மணி

எங்க அண்ணனை இந்த ஏரியாவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. வால்வுக்காரர், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமா நீட்டு இரும்புச் சாவியைத் தோள்ல சுமந்துக்கிட்டு, தெருத் தெருவா மூடியைத் தூக்கி தண்ணி திறந்து விட்டவர். வாயில்லாப் பூச்சி. அந்த வாயை நேரத்துக்குத் திறந்திருந்தா எனக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் இல்ல.

மக்களோட சேர்ந்து நகரத்தைப் புதுசாக்கப் போறோம்னு கார்ப்பரேஷன் ஆபீஸ்லேர்ந்து ஒரு குழு வந்துச்சு. மூணு மாசம், புதன்கிழமையானா அண்ணன் பின்னாடியே நடந்தாங்க. கூட்டம் போட்டு, சுவர் பூரா மஞ்சச் சீட்டு ஒட்டி, "நீங்கதான் சார் எங்களுக்கு வாத்தியார்"னாங்க. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. எந்த வால்வு, எத்தனை சுத்து, எத்தனை நிமிஷம், எல்லாத்தையும் ஒப்பிச்சார். அதை வச்சு, தானா திறந்து மூடுற மெஷினை மாட்டினாங்க.

மாட்டின நாள்லேர்ந்து எங்க மேட்டுத் தெருவுக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. நாப்பது வீடு. பள்ளத்துலேர்ந்து குடம் தூக்கி இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. அண்ணன் வீட்டுக்குப் போய் மல்லுக்கு நின்னேன்.

"என்னண்ணே சொல்லித் தொலைச்ச அவங்ககிட்ட?"

"ரூல்ல இருக்கிறதைத்தான்மா சொன்னேன்."

அப்புறம் மென்னு முழுங்கிச் சொன்னார். ரூல்படி மேட்டுக்கு அரை மணி. அரை மணியில தண்ணி மேடேறாது. அதனால பள்ளத்துத் தெருவைக் கால் மணி முன்னாடியே மூடி, அந்தக் கால் மணியையும் எங்களுக்கு விட்டிருக்கார். இத்தனை வருஷமா, யாருக்கும் தெரியாம. எழுதிக்கிட்டிருக்கிற ஆபீஸர்கிட்ட இதைச் சொன்னா வேலை போயிடும்னு பயம். ஓய்வுக்கு எட்டு மாசம்தான் பாக்கி. அவங்க கூட வர்ற அன்னைக்கு மட்டும் ரூல்படி மூடியிருக்கார். அதான் புதன்கிழமை புதன்கிழமை எங்க குழாய் காத்து வாங்கியிருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு மேட்டுத் தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் காலிக் குடத்தோட போனோம். குழுவோட இன்ஜினியரம்மா, "உங்க வால்வுக்காரர் சொன்னதைத்தான் செஞ்சோம்"னு கையை விரிச்சாங்க.

எதிர்வீட்டு அக்கா அண்ணனைப் பார்த்து, "கூடப்பொறந்தவ இருக்கிற தெருவையே காயப்போட்டியே, நீயெல்லாம் மனுஷனா?"ன்னு கேட்டாங்க. உண்மை தெரிஞ்ச நான் வாயைத் திறக்கல. எனக்கும் தண்ணி வேணுமே, அவரே சொல்லட்டும்னு கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். பாவி நான்.

அண்ணன் எழுந்தார். எல்லாத்தையும் சொன்னார். இன்ஜினியரம்மா ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாங்க.

ஒரே வாரத்துல மெஷின்ல அந்தக் கால் மணியைச் சேர்த்தாங்க. தண்ணி வந்துச்சு. அதே வாரம், ரூலை மீறினார்னு அண்ணனை வேலையிலேர்ந்து நிறுத்தினாங்க. குழுவுக்கு விருதாம். ஆபீஸ் வாசல்ல பெரிய போட்டோ மாட்டியிருக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்க, அண்ணனைக் காணோம்.

நேரா உள்ள இன்ஜினியரம்மாகிட்டயே போயிட்டேன். "அந்தக் கால் மணி தப்புன்னா மெஷினையும் நிறுத்துங்க. சரின்னா எங்கண்ணனை வேலைக்கு விடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அந்தம்மா நாற்காலி எடுத்துப் போட்டாங்க. "அது வேற பிரிவும்மா, எங்க கையில இல்ல"ன்னாங்க. அப்புறம், நல்லாப் பேசுறீங்களே, அடுத்த கூட்டத்துக்கு மேட்டுத் தெரு சார்பா நீங்க வர்றீங்களான்னு என்னையே கேட்டாங்க.