மருமகன் காரில் சுரந்த எண்ணெய்

எங்கள் தொழிலில் பாதி நேரம் பழுதைத் தேடுவதில் போகும். மீதி நேரம் அது நம் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதில் போகும். டேர்போ கார் வாங்கிவிட்டுத் தவிக்கும் அன்பர்களே, என் கராஜ் கற்பிட்டி வீதியில், களப்பின் உப்புக் காற்று நேராக உள்ளே வருகிற இடத்தில் இருக்கிறது. மத்தியானத்தில் பொனட்டுக்குள் தலையை விட்டால் எனக்குப் பாதிக் கனவுதான்.

குழாய்க்குள் குளம்

ரிஸ்வான் பள்ளிவாசல்துறையில் பெண் கட்டி, மாமனார் வீட்டிலேயே இருப்பவன். சின்ன ஜப்பான் கார் ஒன்றோடு வந்தான். இழுவை இல்லை, பின்னால் நீலப் புகை. காற்றுப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றினேன். டேர்போ கார்களில் அதற்குள் இலேசாக எண்ணெய் பிசுபிசுப்பது வழமை. இதிலோ குளமே கட்டி நின்றது. வெயில் பட்டதும் தேன் போல மின்னியது. வேலையை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரிஸ்வானுக்கு ரசிக்கிற மனம் இல்லை. மாமனார் தன் மீன்பிடி போட்டை விற்று மகளுக்கு வாங்கிக் கொடுத்த கார் அது. பழுதென்று தெரிந்தே தலையில் கட்டிவிட்டார் என்று அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தான். "இந்தக் கார் சரிவரல்லண்டா, பொண்டாட்டிய கூட்டிக்கிட்டு கனமூலைப் பக்கம் வேற வீடு போறேன், பாஸ்."

நிமலின் யோசனை

ஒரு குடும்பம் என் ஸ்பானரில் தொங்குகிறது என்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தூரத்தில் கரையோர மின் காற்றாடிகள் சோம்பலாகச் சுற்றின. எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டேர்போவும் அவற்றின் குட்டிதானே என்று நினைத்தபடி அதன் சுழலியை விரலால் ஆட்டினேன், ஆட்டமே இல்லை, அதில் பழுதில்லை. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்தேன். எண்ணெய் மேல் அளவுக் கோட்டையும் தாண்டி நின்றது. அளவு மிஞ்சினால் எஞ்சின் அதைக் கடைந்து, தன் மூச்சோடு காற்றுக் குழாய்க்குள் தள்ளிவிடும். கடைசியாக சர்விஸ் செய்தவனைத் திட்டிக்கொண்டே மிஞ்சியதை வடித்து, குழாய்களைக் கழுவி அனுப்பினேன்.

அடுத்த கிழமை கார் மறுபடி வந்தது. எண்ணெய் மறுபடி கோட்டுக்கு மேலே. பெற்றோல் கலந்திருக்குமோ என்று மோந்து பார்த்தேன். அந்த வாசமும் இல்லை. எண்ணெய் குடிக்கிற எஞ்சினைத் தெரியும், சுரக்கிற எஞ்சினை நான் கண்டதில்லை. கடற்கரை மணலுக்கு அடியிலிருந்து யாரோ இதற்கு ஊட்டுகிறார்கள் என்றுகூட நினைத்துவிட்டேன். சிலாபத்திலிருந்து வந்து என்னோடு வேலை செய்யும் நிமல் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "திருத்த வேணாம் பாஸ், சுத்தி வேலி அடிப்பம். இது எண்ணெய்க் கெணறு."

ஒரு கோப்பை

மூன்றாம் முறை ரிஸ்வானோடு மாமனார் ஹமீது நானாவும் வந்தார். மகள் அழுது அனுப்பியிருக்கிறாள். ஒருவர் முன்சீட், ஒருவர் பின்சீட். நான் காருக்கடியில் படுத்து எண்ணெயை வடிக்கத் தொடங்க, ஹமீது நானா பதறிக் குனிந்தார். "ஏன் பாஸ் அத எடுக்கிறீங்க? காலையிலதானே ஊத்தினேன்!"

கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. போட் எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றாமல் அவர் ஒருநாளும் கரையை விட்டதில்லை. ஒயில் இல்லாமல் எஞ்சின் இறுகினால் நடுக்கடலில் ஆள் போய்விடும். காரும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். மருமகன் வழியில் நின்றுவிடக் கூடாதென்று, விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து, அவன் எழும்ப முன்னம் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து, பொனட்டைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றுவாராம். புகை வந்தது அவருக்கு இன்னும் கவலை. அதனால் இன்னும் கொஞ்சம். எனக்குச் சிரிப்பு வந்தது.

ரிஸ்வான் பொனட்டை மூடிவிட்டு மாமனாரின் அருகே வந்தான். காற்று அவர் இடுப்புச் சாரத்தை அசைத்துக்கொண்டிருந்தது. பிறகு அவரைப் பார்த்து வாயைத் திறந்தான். "காருக்குப் போதும் மாமா. நாளைக்கி சுபஹுக்குப் பொறகு எனக்கி ஒரு தேத்தண்ணி ஊத்தித் தாங்க."

எஞ்சினுக்கு அளவுக் கம்பி வைத்தவர்கள் மாமனார்மாரின் பாசத்துக்கும் ஒன்று வைத்திருந்தால், எங்களில் பாதிப் பேர் கராஜை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.