குருத்தோலை ஒட்டிய பக்கம்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் மேகமலையில், தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. வீடு கீழே, சின்னமனூருக்குப் பக்கத்துக் கிராமம். திங்கட்கிழமை விடியலில் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறக்கம். என் கணவர் தோட்டத்துக்கு மளிகை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினார். அதிலேயே நானும் போய்வந்தேன். அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, எண்ணெய் டின், லயன் வீடுகளுக்குப் போகிற தோட்டத் தொழிலாளர்கள், அவர்கள் மடியில் பிள்ளைகள். எனக்குக் கிடைத்தது முன்சீட்டில் கியர் கம்பியை ஒட்டி ஒரு சாண் இடம். காலடியில் யாருடைய கோழியாவது இருக்கும்.

அந்த ஒரு சாண் இடத்தில்தான் நான் ஸ்கிராப் புக் செய்தேன். பிள்ளைகளுக்குப் படம் ஒட்டக் கற்றுக்கொடுக்கப் போய் அந்தக் கிறுக்கு எனக்கே பிடித்துவிட்டது. பெரிய நோட்டை விரிக்க வழியில்லை. அதனால் கல்யாணப் பத்திரிகை அட்டைகளைத் தயிர்சாத டப்பாவின் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தேன். டப்பாவுக்குள் அந்தப் புத்தகம், ஒரு கம் ஸ்டிக், ஒரு சின்னக் கத்தரி. மூடி மூடவில்லை என்றால் எந்தப் பொருளாக இருந்தாலும் அதற்கு இடமில்லை. ஒருநாள் அவர் முழ நீளத்துக்கு ஒரு முள்ளம்பன்றி முள்ளைக் கொண்டுவந்து ஆசையாக நீட்டினார். "இது என் டப்பால எங்கன போகும்? உங்க தலையிலதான் குத்திக்கிறணும்" என்றேன். பாவம், அதை ஜீப் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டார்.

ஓடுகிற வண்டியில் ஒட்ட முடியாது. கொண்டை ஊசி வளைவில் ஒட்டினால் கம் தாளில் படாது, பக்கத்தில் இருப்பவர் சேலையில்தான் படும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போதுதான் நேரம். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும். அவர் வந்து பக்கத்தின் மூலையைக் கட்டை விரலால் அழுத்திக்கொள்வார், நான் ஒட்டுவேன். மேலே போனால் பனிமூட்டத்தில் கம் காயவே காயாது. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் சூடு இருக்கிறவரை பக்கத்தை பானட்டின் மேல் விரித்து வைப்போம். "என்னா டீச்சர், வத்தல் காயப்போட்டிருக்கீக?" என்று தோட்டத்து வாட்ச்மேன் கேட்பார். அப்படிக் காய்ந்தவைதான் எல்லாம்: சவுக்கு மரத்துப் பட்டையின் ஒரு தோல், தேயிலைப் பாக்கெட்டின் வெள்ளித்தாள், ஜீப் மக்கர் செய்த நாளின் பஸ் டிக்கெட். ஒரு பக்கத்தில் என் காலில் அட்டைப்பூச்சி கடித்த ரத்தம் சொட்டிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் குருத்து ஞாயிறு அன்று இயேசுவின் பாடுகளின் வாசகம் நீளமாகப் போகும். நின்றுகொண்டே கேட்கவேண்டும். அந்த நேரத்தில் கோயிலில் யார் கையும் சும்மா இருக்காது. சாமியார் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலையைக் கிழித்துச் சிலுவை பின்னிக்கொண்டிருப்பார்கள். போன வருஷம் அவர் பின்னியது கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது, தட்டையாக. பூசை முடிந்து வெளியே வந்ததும் என் உள்ளங்கையில் வைத்தார். "இது டப்பாவுக்குள்ள போகும்ல?" மறுநாள் சாவடியில் வைத்து ஒட்டினேன்.

அந்த ஐப்பசியில், மேலே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வகுப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். அவருடைய ஜீப்பிலேயே அவரைக் கிடத்தி, வேறொருவர் ஓட்டினார். மூட்டை இல்லாத அந்த ஜீப்பில் அவ்வளவு இடம் இருந்தது. பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். சின்னமனூர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு நான் எதையும் ஒட்டவில்லை. டப்பாவை வீட்டு பீரோவின் மேல் வைத்துவிட்டு, பஸ்ஸில் போய்வந்தேன். வெள்ளிக்கிழமை வந்ததும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்து பார்ப்பேன். அவர் கையால் செய்து எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் லீவு போட்டுக் கீழே வந்தேன். டப்பாவைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் ஓலை இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் அட்டையின் தோல் சிலுவை வடிவத்தில் உரிந்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய குருத்தோலையை எல்லா வீட்டிலும் கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை எரித்துத்தான் சாம்பல் புதனன்று சாமியார் நெற்றியில் பூசும் சாம்பலை எடுப்பார்கள். வீட்டில் அவருடைய அம்மா, என் அத்தை, இல்லை. செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு ஓலை..."

"எல்லா வீட்டு ஓலையையும் ஒண்ணாப் போட்டு எரிச்சாச்சு டீச்சர். உங்க அத்தை காலையிலயே கொண்டாந்து குடுத்துட்டாக."

சட்டியில் கறுப்பாகக் கொஞ்சம் சாம்பல் இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். அத்தை அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் என் மாமியார் என்பதையோ பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பதையோ நான் நினைக்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

"என்னைக் கேக்காம எப்படி எடுப்பீக? அது யாரு பின்னுனதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் தீயில போடக் குடுத்தீகளா?"

அத்தை கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஏத்தா, ஒனக்கு அந்தப் பொஸ்தகம் பூரா அவன் இருக்கான். எனக்கு என்ன இருக்கு சொல்லு. சட்டையைக்கூடக் கேட்டவுகளுக்குக் குடுத்தாச்சு. நாளைக்குச் சாமியாரு நெத்தியில வைக்கிறப்ப, எம்புள்ள கைபட்டது எம்மேல ஒருக்கா படட்டும்னு நெனைச்சேன். கேட்டா நீ தரமாட்ட."

உண்மைதான், தந்திருக்க மாட்டேன். அதற்கும் சேர்த்து அழுதேன். அத்தை எழுந்து வரவில்லை, நானும் போகவில்லை. ராத்திரிச் சோற்றை ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றோம்.

மறுநாள் காலைப் பூசையில் வரிசையில் அத்தைக்குப் பின்னால் நின்றேன். அத்தை முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி, நெற்றி முழுவதையும் சாமியாருக்குக் காட்டினார். சாமியார் விரலைச் சட்டியில் தொட்டு வைத்தார். அடுத்தது நான். சாம்பல் குளிர்ச்சியாக இருந்தது, கொஞ்சம் என் மூக்கின் மேல் உதிர்ந்தது. எது அவர் பின்னிய ஓலை, எது ஊரார் ஓலை என்று யாரால் சொல்ல முடியும்?

வெளியே வந்ததும் நான் பழக்கத்தில் முந்தானையைத் தூக்கினேன், மூக்கில் உதிர்ந்ததைத் துடைக்க. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்த்தா" என்றார்.

வியாழக்கிழமை விடியலில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை இரண்டு பேரும் முகம் கழுவவில்லை.