மண்டோர் எழுந்து நின்ற படம்

என் சமையலறை ஆணியில் ஒரு பித்தளை விசில் தொங்குகிறது. சிரம்பானில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஓட்டப்பந்தயப் பரிசு என்று நினைப்பதுண்டு; என் உடம்பைப் பார்த்தபின் நினைப்பை மாற்றிக்கொள்வார்கள். அது அப்பாவுடையது. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. விடியுமுன் அவர் அதை ஊதினால் ஆட்கள் பெரட்டுக்கு வரிசைகட்ட வேண்டும். பெயர் கூப்பிடுவார், யாருக்கு எந்த மர நிரையில் பால் வெட்டு என்று சொல்வார். அம்மாவும் அந்த வரிசையில்தான் நிற்பாள். அவள் பெயரையும், முன்பின் தெரியாதவளைக் கூப்பிடுவதுபோல, தகப்பன் பெயரோடு சேர்த்தே கூப்பிடுவார். வீட்டிலும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாதம் ஒரு முறை படக்கார வேன் வந்து திடலில் திரை கட்டும். ஒரு தடவை பெட்டி மாறிவிட்டது. தமிழ்ப் படத்துக்குப் பதில் சுவீடன் நாட்டுப் படம். அப்போதே பழசு, கறுப்பு வெள்ளை. கட்டாய ராணுவச் சேவைக்கு வந்து சேர்ந்த இளைஞர்களைப் பற்றிய நகைச்சுவை. "இருக்கிறதத்தான் போட முடியும் லா," என்றார் வேன்காரர். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பிறகு திரையில் பொழுது விடிந்தது. மீசைக்கார சார்ஜண்ட் விசில் ஊதினார். இளைஞர்கள் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் வரிசைக்கு ஓடிவந்தார்கள். அவர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அதற்குமேல் யாருக்கும் மொழி தேவைப்படவில்லை.

பின்னால் கிளம்பிய சிரிப்பு, முன்வரிசை நாற்காலியில் இருந்த அப்பாவின் முதுகுவரை வந்து தயங்கி நின்றது. அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "இங்கயும் ஒருத்தரு இருக்காரு. அவருக்கு வூட்டுக்குள்ளயும் பெரட்டுதான்!"

அம்மா.

அப்பா எழுந்தார். திடல் அடங்கிவிட்டது. காலையில் இதே ஆட்கள் முன்னால் அவர் விசில் ஊதியாக வேண்டும். அவர்கள் மதிக்காமல் சிரித்துவிட்டால் மண்டோர் வேலை அதோடு சரி. கோபித்துக்கொண்டு வெளியேறினால் இன்னும் மோசம். வெளிச்சத்தின் குறுக்கே நின்றதால் அவர் நிழல் சார்ஜண்டின் மேல் விழுந்து, மீசைக்கு மீசை பொருந்தியது. கால்சட்டையைச் சார்ஜண்ட் மாதிரியே மேலே இழுத்துவிட்டு, விசிலை ஊதி, அம்மா பெயரைத் தகப்பன் பெயரோடு கூப்பிட்டார்.

"வந்திருக்கேன் மண்டோர்!"

"நாளைக்கு மலை நிரை ஒனக்குத்தான்!"

"அப்ப நாளைக்குச் சோறு யாரு ஆக்குறதாம்?"

திடல் வெடித்தது. அப்பாவும் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

காலையில் பெரட்டுக்கு எல்லாரும் வழக்கத்தைவிடச் சுறுக்காக வந்தார்கள். ஒருவர் சல்யூட்கூட அடித்தார். அம்மாவுக்கு, யாரும் விரும்பாத அந்த மலை நிரைதான். ஊரறியச் சொன்ன வார்த்தையாயிற்றே. ஆனால் மதியம், எந்த மண்டோரும் தொடாத பால் வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அப்பா மலையிறங்கி வந்தார். பின்னால் அம்மா வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள்.

நான் நகைச்சுவை எழுதிக் காலம் தள்ளுகிறேன். சிலர் சிரிப்பதாகக் கேள்வி. எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவர் தன் மேல் விழுந்த சிரிப்புக்கு எழுந்து நின்ற அந்த மனிதர்தான். போன மாதம் அந்தப் படம் கைப்பேசியில் அகப்பட்டது. பார்த்தேன். சுமார். எங்கள் திடலில்தான் நன்றாக ஓடியிருக்கிறது.

அப்பா போய்ச் சில வருடங்களாகின்றன. அம்மாவுக்குக் காது மந்தம். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்பதில்லை. நேற்று ஆணியிலிருந்து விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன்.

உள்ளறையிலிருந்து பதில் வந்தது: "வந்திருக்கேன் மண்டோர்!"