மேற்கு பார்த்த போர்டு

போர்டு அடிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வெயில் எந்தப் பக்கம்?" என்பதுதான். யாருக்கும் பிடிக்காத கேள்வி. என்ன பெயர், என்ன அளவு என்று கேட்பேன் என நினைத்து வருகிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "வெயில் எல்லாப் பக்கமும்தான் அடிக்குது, நீ போர்ட அடிம்மா" என்றார் படாளத்திலிருந்து வந்த ஓர் உரக்கடைக்காரர். மஞ்சளில் சிவப்பு எழுத்து, அதுதான் அவருக்கு ராசியாம். அடித்துக் கொடுத்தோம். அடுத்த கோடை முடிவதற்குள் ராசி வெளுத்துப்போய் மறுபடி வந்து நின்றார். இப்போது கடைக்குள் நுழையும்போதே "தெக்கு வெயிலும்மா" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. மெஷினை ஓட்டுவது என் வீட்டுக்காரர். டிசைன் செய்வதும் வருகிறவர்களோடு சண்டை போடுவதும் நான். சண்டை போடாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது. ஒரு டீக்கடை போர்டுக்குள் குலதெய்வம், மறைந்த அப்பா, பள்ளிக்கூட யூனிஃபார்மில் இரண்டு பிள்ளைகள், எல்லாரும் வர வேண்டும் என்பார்கள். டீ எங்கே என்று கேட்டால் "ஓரமா போட்டுக்கலாம்" என்பார்கள். ரோட்டில் வண்டியில் போகிறவன் உங்கள் குடும்ப ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கவா வருகிறான்? ஓரக்கண்ணால் பார்க்கும்போதே விஷயம் தெரிய வேண்டும். அதனால் நான் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே இருப்பேன், அவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கடலோரத்துக்காரர்கள் வந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன். அங்கே இரும்பு ஸ்க்ரூ போட்டால் துரு வடிந்து எழுத்தின்மேல் கோடு கோடாக இறங்கும், எவர்சில்வர்தான் போட வேண்டும். ஃப்ளெக்ஸைத் தொய்வாகக் கட்டினால் காற்று அதைப் படபடவென்று அடித்தே கிழித்துவிடும். ஃபோம் ஷீட் வெயிலில் அப்பளமாக வளையும். எல்லாவற்றையும்விட முக்கியம் கலர். வெயில் முதலில் தின்பது சிவப்பையும் மஞ்சளையும்தான். கடைசிவரை நிற்பது நீலமும் கறுப்பும். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் சொந்த வீட்டில் மட்டும் எடுபடவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்காவைத் திருவிடந்தைப் பக்கம் ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நாத்தனார், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பல வருஷமாக மார்க்கெட்டில் கூரையில்லாத மூலையில் மீன் விற்றவர். திடீரென்று ஒருநாள் அந்த இடத்தைத் தன் ஓரகத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஈசிஆர் ரோட்டோரமாகத் தகரம் போட்டு மீன் சாப்பாட்டுக் கடை வைக்கப்போகிறேன் என்றார். மார்க்கெட்டில் ஒருமுறை எழுந்துவிட்டால் எழுந்ததுதான். திரும்பிப் போய் உட்கார்ந்திருப்பவளை எழுப்ப முடியாது. கடை ஓடியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அது தெரிந்துதான் போர்டு விஷயத்தில் நான் அவ்வளவு கத்தினேன்.

"வஞ்சிரம் வறுவல் பெருசா இருக்கணும். செக்கச்செவேல்னு. பாத்தவனுக்கு எச்சி ஊறணும். பக்கத்துல என் மூஞ்சி" என்றார் அண்ணி.

"உங்க மூஞ்சி எதுக்கு அண்ணி?"

"இன்னாமே இப்டி கேக்கிற? இத்தினி வருசம் என் மூஞ்சியப் பாத்துதான மீனு வாங்கினாங்க. போர்டப் பாத்தா வாங்கினாங்க?"

இதற்குப் பதில் வெயிலிடம்தான் இருந்தது. கடை ரோட்டுக்குக் கடல் பக்கம். போர்டு மேற்கு பார்க்கும், மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் நேராக மூஞ்சியில். அலுமினிய ஷீட், கருநீலப் பின்னணி, வெள்ளை எழுத்தில் 'மீன் சாப்பாடு', அவ்வளவு போதும் என்றேன். மீன் படம் இருந்தே ஆக வேண்டுமென்றால் வெயில் கலரைத் தின்னாமல் இருக்க மேலே லேமினேஷனாவது போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"லேமினேசன் போட்டா பளபளப்பு செத்துடும். அக்காவுக்குப் பளபளன்னு இருந்தாத்தான் புடிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அதோடு விட்டாரா? பாசத்தில் மீனுக்குச் சிவப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அக்காவும் தம்பியும் ஒன்று சேர்ந்துவிட்டால் அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை. அலுமினியமும் இல்லை, ஃப்ளெக்ஸ்தான். எவர்சில்வர் ஸ்க்ரூ மட்டும் நான் சொன்னபடி போட்டார்கள்.

போர்டு என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஈசிஆரில் சிவந்த மீன் படம் இல்லாத சாப்பாட்டுக் கடை எது? வரிசையாக எல்லாக் கடையிலும் அதே வஞ்சிரம் அதே தட்டில் படுத்திருக்கும். மாமல்லபுரம் போகிற வண்டிகள் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போயின. அண்ணி சாயங்காலம் போன் செய்து, "இன்னிக்கும் கொழம்பு மீந்துபோச்சுமே, பஸ்ல குடுத்து வுடறேன்" என்பார். தூக்குவாளி வரும். நாங்கள் சாப்பிடுவோம். அபாரமான குழம்பு. அது அவ்வளவு ருசியாக இருப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இதைத் தின்னாமல் எங்கே போகிறார்கள் இந்த ஜனங்கள் என்று ரோட்டின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

கோடை முடிந்து போய்ப் பார்த்தோம். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்துவிட்டன. சிவப்பு சுத்தமாகப் போயிருந்தது. மஞ்சளும் போயிருந்தது. தட்டில் நீல நிறத்தில் ஒரு வஞ்சிரம். பக்கத்தில் நீல நிறத்தில் என் நாத்தனார், பெருமாள் மாதிரி. திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு வந்த ஓர் அம்மா பஸ் ஜன்னல் வழியாக அந்த முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் போர்டின் அளவை எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் நினைத்தபடியே ஒரு போர்டு அடித்தேன். அலுமினிய ஷீட், கருநீலம், வெள்ளை எழுத்து. ஒரு மாதம் கழித்து அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், அண்ணி கடை வாசலில் கார்கள் நிற்கின்றன. பெஞ்சில் இடமில்லை. ஒருவர் இலைக்குக் காத்துக்கொண்டே போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று அண்ணி கரண்டியும் கையுமாகச் சொன்னார். ஊரப்பாக்கத்திலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் முதலில் நிறுத்தியிருக்கிறது. "இன்னாக்கா, மீனு நீலமா கீது?" என்று கேட்டிருக்கிறார்கள். "வெயில்ல நின்னா நீலம், எண்ணெயில போட்டா செவப்பு. உக்காருங்க, காட்டறேன்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். மற்றதைக் குழம்பு பார்த்துக்கொண்டது. அவர்கள் போய்ச் சொல்ல, அடுத்தவர்கள் வர, கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் விசேஷ நாளில் கும்பலாக வந்து இறங்க, இப்போது பஸ் கண்டக்டரே "நீல மீன் கடை எறங்கு" என்று கூவுகிறாராம்.

"புதுப் போர்டு கொண்டாந்திருக்கேன் அண்ணி" என்றேன்.

"அத்த ஓரமா வை. இதுமேல கை வெச்ச, தெரியும் சேதி."

நான் சொன்னது எல்லாமே சரி. சிவப்பு போகும் என்றேன், போயிற்று. ஆனாலும் ஜெயித்தது அவர்கள்தான். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இலை போட்டு உட்காரவைத்தார்கள், சாப்பிட்டேன். நான் கொண்டுபோன போர்டு அண்ணியின் அடுப்பு மூலையில் இன்றைக்கும் சாரல் தடுப்பாக நிற்கிறது. ஒரு பொட்டு கலர் போகவில்லை, வேண்டுமானால் யாரும் போய்ப் பார்க்கலாம்.

ஐப்பசிக் காற்றில் பழைய ஃப்ளெக்ஸ் நடுவில் கிழிந்தது. மறுநாள் காலையிலேயே அண்ணி எங்கள் கடைக்கு வந்துவிட்டார், கிழிந்த துண்டைப் புடவைபோல மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. நான் கலர் அட்டையை நீட்டினேன். தள்ளிவிட்டார். "உன் நீலம் வேணாம். இந்த நீலம்" என்று துண்டை மேஜைமேல் விரித்தார். மெஷின் அச்சடிக்கிற நீலம் வேறு, வெயில் விட்டுவைத்த நீலம் வேறு. ஒவ்வொரு துண்டாக அடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சாயங்காலம்தான் தலையாட்டினார்.

"மீனு நீலமாவே இருக்கட்டும். உங்க மூஞ்சிய மட்டும் நல்ல கலருக்கு மாத்திடறேன் அண்ணி" என்றேன். முதல் போர்டுக்கு அவர் கொடுத்த நல்ல போட்டோ இன்னும் என்னிடம் இருந்தது.

அவர் கம்ப்யூட்டர் திரையில் இருந்த தன் நீல முகத்தைப் பார்த்தார்.

"அதுவும் அந்தக் கலர்லயே இருக்கட்டும்மே. நானும் வெயில்ல நின்னவதான."

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. மெஷின் பக்கம் திரும்பி, வீட்டுக்காரரிடம் "லேமினேஷன் போடுங்க" என்றேன். அவரும் மறுபேச்சு பேசாமல் போட்டார்.